ஒரு காது மண்ணில், ஒரு காது விண்ணில்

விண்ணில் சுற்றும் ரேடியோ தொலைநோக்கி என்று சொன்னதும் பெரும்பாலோர் மனதில் ஒளியைப் பார்க்கும் ஹபிள் தொலைநோக்கிதான் வந்து நிற்கும். காற்றும் மேகமும் பார்வையைக் கலக்குகின்றன, அதனால் மேலே கொண்டுபோய் வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். பள்ளிப் பிள்ளைகளிடம் வானியல் பேசப் போன இடங்களில் நான் அதிகம் கேட்ட கேள்வியும் இதுதான்: “காத்து தொல்லை இல்லாம பாக்கத்தானே சார்?”

அதற்காக இல்லை. சில சென்டிமீட்டர் நீளமுள்ள ரேடியோ அலைகளுக்குக் காற்று மண்டலம் பெரிய தடையே இல்லை. மேகமூட்டத்திலும் பட்டப்பகலிலும் அவை தரைக்கு வந்து சேர்கின்றன. ஜெர்மனியின் எஃபல்ஸ்பெர்க் 100 மீட்டர் தொலைநோக்கி வானம் மூடிக்கிடக்கும் நாளிலும் வேலை செய்கிறது. பிறகு எதற்காக ஒரு ரேடியோ தொலைநோக்கியை ராக்கெட்டில் ஏற்ற வேண்டும்? பூமியில் இடம் போதவில்லை என்பதற்காக. தொலைநோக்கி வைக்கும் இடத்தைச் சொல்லவில்லை. இரண்டு தொலைநோக்கிகளை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளி வைக்கும் தூரத்தைச் சொல்கிறேன். இந்தக் கட்டுரை முழுக்க அந்தத் தூரத்தைப் பற்றியதுதான்.

முதலில் ஒரு கணக்கு. பஞ்சாங்கத்தில் கிரகநிலையைப் பாகை, கலை, விகலை என்று எழுதியிருப்பார்கள். ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. வானத்தில் முழுநிலவின் அகலம் ஏறத்தாழ 30 கலை. நல்ல கண்பார்வை உள்ளவருக்கு ஒரு கலை இடைவெளியில் இருக்கும் இரண்டு புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும். இப்படிப் பிரித்துப் பார்க்கும் திறனைத்தான் பிரிதிறன் என்கிறோம். தொலைநோக்கிக்கு அதைக் கணக்கிடுவது எளிது. வரும் அலையின் நீளத்தைத் தொலைநோக்கியின் விட்டத்தால் வகுத்தால் போதும். விடை எவ்வளவு சிறிதாக வருகிறதோ, அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கலாம்.

ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. அதனால் கண்ணின் சிறிய பாவையே ஒரு கலையைப் பிரித்துவிடுகிறது. ரேடியோ அலையோ விரற்கடை நீளம், சாண் நீளம். ரஷ்யா 2011-இல் விண்ணுக்கு அனுப்பிய ஸ்பெக்ட்ர்-ஆர் செயற்கைக்கோளின் தட்டு 10 மீட்டர் விட்டமுள்ளது. அது 18 சென்டிமீட்டர் அலையில் வானத்தைப் பார்த்தால் அதன் பிரிதிறன் 60 கலைக்கும் மேல். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு முழுநிலவுகள் இருந்தாலும் அதற்கு ஒரே திட்டாகத்தான் தெரியும். 1.35 சென்டிமீட்டர் அலையில்கூட அதன் பார்வை நம் வெறுங்கண்ணைவிட நான்கைந்து மடங்கு மங்கல்.

அதே செயற்கைக்கோள் தரையிலுள்ள தொலைநோக்கிகளோடு கைகோத்தபோது எட்டிய பிரிதிறன் ஒரு விகலையில் பத்து லட்சத்தில் 8 பங்கு. நிலவின் தரையில் ஒரு புளியங்கொட்டையை வைத்தால் இங்கிருந்து அது எவ்வளவு சின்னதாக இருக்குமோ, அந்த அளவு. வானியல் வரலாற்றில் இவ்வளவு நுண்ணிய பார்வை மிக அபூர்வம்.

இது எப்படி நடக்கிறது? கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். அறையின் ஏதோ ஒரு மூலையில் ஒருவர் விரலைச் சொடுக்கட்டும். எந்தப் பக்கம் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். ஒரு காதை அழுத்தி மூடிக்கொண்டு கேளுங்கள், தடுமாற்றம் வரும். இரண்டு காதுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு சாண் தூரம். சத்தம் ஒரு காதை எட்டியபின் மற்றக் காதை எட்ட அதிகபட்சம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் அரைப் பங்குக்குச் சற்று கூடுதலாக ஆகும். அந்த இம்மியளவு நேர வித்தியாசத்தை வைத்து மூளை திசையைச் சொல்லிவிடுகிறது. ஒரு காதால் மட்டும் அது முடியாது. அந்தக் காதைப் பெரிதாக்கினாலும் இந்த வித்தை வராது. இரண்டு காது வேண்டும், நடுவே இடைவெளி வேண்டும்.

ரேடியோ வானியலாளர்கள் செய்வதும் இதுதான். இரண்டு தட்டுகளைத் தள்ளி வைத்து, ஒரே பொருளிலிருந்து வரும் அலையை இரண்டிலும் வாங்கி, அவற்றை ஒன்றோடொன்று சேர்க்கிறார்கள். அலைமுகடுகள் பொருந்தினால் வலுக்கும், எதிரெதிராக விழுந்தால் அழியும். பள்ளி இயற்பியலில் படித்த குறுக்கீட்டுப் பட்டைகள் இங்கேயும் வருகின்றன. இந்த அமைப்பில் பிரிதிறனைத் தீர்மானிப்பது தட்டின் விட்டம் அல்ல, இரண்டு தட்டுகளுக்கும் நடுவிலுள்ள தூரம். கேம்பிரிட்ஜில் இதை வளர்த்தெடுத்த மார்ட்டின் ரைல் 1974-இல் நோபல் பரிசு பெற்றார்.

இடைவெளி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை எண்களை வைத்தே பார்த்துவிடலாம். இரண்டு தொலைநோக்கிகள் 1,000 கிலோமீட்டர் தள்ளி நிற்கின்றன. வானத்தில் ஒரு புள்ளி, ஒரு விகலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்கிறது. இதை மில்லி விகலை என்று வைத்துக்கொள்வோம். அப்போது அலை இரண்டு தட்டுக்கும் வந்து சேரும் பாதைகளின் வித்தியாசம் மாறுவது சுமார் 5 மில்லிமீட்டர்தான். வரும் அலை 6 சென்டிமீட்டர் என்றால் அது ஒரு அலையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கவனிக்கவே கஷ்டம். அதே தட்டுகளை 1,00,000 கிலோமீட்டர் தள்ளி வைத்தால் பாதை வித்தியாசம் அரை மீட்டர், அதாவது எட்டு முழு அலைகள். முன்பு கண்ணுக்குத் தட்டுப்படாத நகர்வு இப்போது கையில் அள்ளக் கிடைக்கிறது.

ஆரம்ப காலத்தில் இரண்டு தட்டையும் கம்பியால் இணைத்துத்தான் அலைகளைச் சேர்த்தார்கள். கம்பியை எவ்வளவு தூரம் இழுக்க முடியும்? 1967-இல் கனடாவிலும் அமெரிக்காவிலும் கம்பியை விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு தொலைநோக்கியும் தனக்கு வந்ததைத் தனியாக நாடாவில் பதிந்துகொள்ளும், கூடவே ஒரு அணுக்கடிகாரத்தின் நேரத்தையும் பதியும். பிறகு நாடாக்களை ஓரிடத்துக்குக் கொண்டுவந்து, நேரத்தைப் பொருத்தி, ஒன்றாக ஓட்டிப் பார்ப்பார்கள். கனடாவின் கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று என 3,000 கிலோமீட்டர் தள்ளி நின்ற இரண்டு தொலைநோக்கிகள் இப்படி ஒன்றாயின. இந்த முறைக்குப் பெயர் வி.எல்.பி.ஐ., அதாவது மிக நீண்ட இடைவெளிக் குறுக்கீட்டு முறை. இதன் வேர் 1965-இல் சோவியத் விஞ்ஞானிகள் மூவர் எழுதிய ஒரு கட்டுரையிலும் இருக்கிறது. அந்த மூவரில் நிக்கொலாய் கர்தஷேவ் ஒருவர். அவரிடம் திரும்பி வருவோம்.

கம்பி போனபின் தடையாக நின்றது பூமியின் உருண்டைதான். விட்டம் 12,700 கிலோமீட்டர். ஒரு தட்டு ஒரு கோடியிலும் இன்னொன்று மறு கோடியிலும் இருந்தால் 6 சென்டிமீட்டர் அலையில் ஏறத்தாழ ஒரு மில்லி விகலை கிடைக்கும். நிலவில் நிற்கும் ஒரு ஆளின் உயரம் அவ்வளவு. அதற்கு மேல் தள்ள வேண்டுமானால் ஒரு தட்டு பூமியை விட்டே போயாக வேண்டும்.

இவ்வளவு நுணுக்கம் யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். 3சி 273 என்ற புள்ளியைப் பற்றிச் சொன்னால் விளங்கும். கன்னி ராசி மண்டலத்தில் இருக்கிறது. ரேடியோவில் வலுவாக ஒலித்தது, ஆனால் வானத்தில் துல்லியமாக எங்கே என்று தெரியவில்லை. 1962-இல் நிலவு அதை மறைத்துக்கொண்டு கடந்தது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் சமிக்ஞை எந்தக் கணத்தில் அணைந்தது, எந்தக் கணத்தில் திரும்ப வந்தது என்று குறித்தார்கள். நிலவின் விளிம்பு எங்கே இருந்தது என்பது தெரியும், ஆகவே புள்ளியின் இடமும் தெரிந்தது. (நிலவின் விளிம்பையே கத்திமுனையாக வைத்துப் பார்க்கும் இந்த உத்திக்காகவே இந்திய ரேடியோ வானியலாளர் கோவிந்த் சுவரூப் ஊட்டியில் 530 மீட்டர் நீளத் தொலைநோக்கியைக் கட்டினார். அது 1970-இல் வேலையைத் தொடங்கியது.) 1963-இல் வானியலாளர் மார்ட்டன் ஷ்மிட் அந்த இடத்திலிருந்த மங்கலான நட்சத்திரம் போன்ற பொருளின் நிறமாலையை ஆராய்ந்தார். அது நட்சத்திரமே அல்ல, 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது என்று கண்டார். குவேசார் என்று அடையாளம் காணப்பட்ட முதல் பொருள் இதுதான்.

இவ்வளவு தொலைவிலிருந்தும் சிறிய தொலைநோக்கியில் தெரியும் அளவுக்கு ஒன்று ஒளிர்கிறது என்றால், அதன் நடுவில் என்ன எரிகிறது? ஒரு பெருங்கருந்துளை, அதில் விழும் வாயு, அதிலிருந்து ஒளிவேகத்தை நெருங்கிப் பீச்சியடிக்கும் தாரை என்று இன்று சொல்கிறோம். அந்தத் தாரை எங்கே பிறக்கிறது, எப்படிக் குவிகிறது என்று பார்க்க வேண்டுமானால் மில்லி விகலையும் போதாது. அதற்கும் கீழே இறங்க வேண்டும்.

முதல் படி 1986-இல் வந்தது, அதுவும் வேறு வேலைக்காக ஏவிய ஒரு செயற்கைக்கோளின் வழியாக. நாசாவின் டி.டி.ஆர்.எஸ். செயற்கைக்கோள் மற்ற விண்கலங்களின் தகவல்களைத் தரைக்கு அஞ்சல் செய்வதற்காக ஏவப்பட்டது. அதில் 4.9 மீட்டர் ஆன்டெனா இருந்தது. அதைச் சில மணி நேரம் குவேசார்கள் பக்கம் திருப்பி, ஆஸ்திரேலியாவின் டிட்பின்பில்லாவிலும் ஜப்பானின் உசுதாவிலும் இருந்த 64 மீட்டர் தட்டுகளோடு சேர்த்துப் பார்த்தார்கள். பட்டைகள் கிடைத்தன. பூமியின் விட்டத்தைப் போல 1.4 மடங்கு இடைவெளி. படம் ஒன்றும் எடுக்கவில்லை. ஆனால் விண்ணும் மண்ணும் சேர்ந்து ஒரே தொலைநோக்கியாக முடியும் என்பது அன்று உறுதியாயிற்று.

இதற்கென்றே செய்த முதல் செயற்கைக்கோளை ஜப்பான் 1997 பிப்ரவரி 12 அன்று ககோஷிமாவிலிருந்து ஏவியது. ஹால்கா என்பது பெயர். ஜப்பானியர் அதை ஹருகா என்றும் அழைத்தார்கள். வெகு தொலைவு என்று பொருள். 8 மீட்டர் ஆன்டெனா அப்படியே ராக்கெட்டின் மூக்குக்குள் அடங்காது. அதனால் தகடுக்குப் பதில் மெல்லிய உலோக வலையால் பின்னி, குடையைப்போல மடித்து வைத்து, மேலே போனபின் ஆறு கொம்புகளை நீட்டி விரித்தார்கள். குடை நன்றாக விரிந்தது. ஆனால் ஏவும்போது ஏற்பட்ட அதிர்வில் 22 கிகாஹெர்ட்ஸ், அதாவது 1.35 சென்டிமீட்டர் அலையைக் கேட்கும் கருவி பழுதுபட்டுவிட்டது. மிக நுணுக்கமான பார்வையைத் தந்திருக்க வேண்டியது அதுதான். மிஞ்சிய இரண்டு அலைவரிசைகளை வைத்துக்கொண்டு ஹால்கா பல ஆண்டுகள் உழைத்தது. அருகில் வரும்போது 560 கிலோமீட்டர் உயரத்திலும், விலகிப் போகும்போது 21,400 கிலோமீட்டர் உயரத்திலும் பறந்தது. ஒரு சுற்றுக்கு ஆறேகால் மணி நேரம்.

ஹால்காவில் பதிவுக்கருவி கிடையாது. துல்லியமான கடிகாரமும் கிடையாது. தரையிலிருந்து ஹைட்ரஜன் மேசர் என்ற மிகத் துல்லியமான அணுக்கடிகாரத்தின் துடிப்பை ரேடியோவில் மேலே அனுப்புவார்கள். அதைத் தாளமாக வைத்துக்கொண்டு அது வானத்தைக் கேட்கும். கேட்டதை விநாடிக்கு 12.8 கோடி பிட் வீதம் அப்படியே கீழே கொட்டும். அதை வாங்குவதற்கு ஜப்பான், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஸ்பெயின் என்று ஐந்து நிலையங்கள் காத்திருக்கும். ஒரு நிலையத்தின் பார்வையிலிருந்து செயற்கைக்கோள் மறைந்துவிட்டால் அந்த நேரத்துத் தரவு போனதுதான். அதே நேரத்தில் உலகின் பல மூலைகளில் தரைத் தொலைநோக்கிகளும் அதே பொருளை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். எத்தனை நாடுகள், எத்தனை பேர் ஒரே நாழிகையில் ஒன்றுகூட வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்தது இந்தக் கூட்டுதான்.

1997 டிசம்பரில் ஹால்காவும் தரைத் தொலைநோக்கிகளும் சேர்ந்து 3சி 273-ஐப் பார்த்தன. அதன் தாரைக்குள் இரண்டு இழைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, பின்னிய சடை போல ஓடுவது தெரிந்தது. வேகமாகப் பாயும் ஒன்று சுற்றியுள்ளதோடு உரசும்போது எழும் அலைவுகள் அந்த முறுக்கை உண்டாக்குகின்றன என்று விளக்கினார்கள். ஏரி நீரின் மேல் காற்று உரசி அலை எழுப்புகிறதே, அதே இயற்பியல்.

ஜப்பான் அடுத்து ஆஸ்ட்ரோ-ஜி என்ற பெரிய திட்டத்தைத் தொடங்கியது. ஆன்டெனாவின் பரப்பு வேண்டிய அளவு துல்லியமாக வரவில்லை. 2011-இல் அதைக் கைவிட்டார்கள். அதே 2011 ஜூலை 18 அன்று பைக்கனூரிலிருந்து ரஷ்யாவின் ஸ்பெக்ட்ர்-ஆர் கிளம்பியது. இந்தத் திட்டத்துக்கு ரேடியோ ஆஸ்ட்ரான் என்று பெயர். 1965 கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் என்று சொன்னேனே, அந்த கர்தஷேவ்தான் தலைமை. சோவியத் காலத்தில் தொடங்கி, நாடே உடைந்து, பணம் வற்றி, முப்பது ஆண்டு காத்திருந்து ஏவிய திட்டம். ஏவும்போது அவருக்கு வயது 79.

இதன் தட்டு கார்பன் இழையால் செய்த 27 இதழ்கள் கொண்டது. ஏவிய சில நாளில் இதழ்கள் விரிந்தன. ஆனால் எல்லாம் முழுமையாகப் பூட்டிக்கொண்டதற்கான சமிக்ஞை வரவில்லை. கலத்தைத் திருப்பி ஆன்டெனாவை வெயிலில் காட்டினார்கள். சூடேறியபின் மறுபடி முயன்றபோது பூட்டு விழுந்தது. அவ்வளவு காலம் காத்திருந்தவர்களுக்கு அந்த ஓரிரு நாள் எப்படிக் கழிந்திருக்கும்!

ஸ்பெக்ட்ர்-ஆரின் பாதை ஹால்காவைப்போலச் சின்னப் பாதை அல்ல. நீள உருளைக்கிழங்கு போன்ற பாதை. விலகிப் போகும்போது ஏறத்தாழ 3,50,000 கிலோமீட்டர், கிட்டத்தட்ட நிலவின் தூரம். சுற்றி வர எட்டு ஒன்பது நாள் ஆகும். இதில் ஹைட்ரஜன் மேசர் கடிகாரத்தையே மேலே ஏற்றியிருந்தார்கள். மூன்று கோடி ஆண்டுக்கு ஒரு விநாடி பிசகும் வகைக் கடிகாரம் அது. இவ்வளவு துல்லியம் ஏன்? 22 கிகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு விநாடியில் 2,200 கோடி அலைகள். இரண்டு காதிலும் விழுந்த அலைகளில் எது எதற்கு ஜோடி என்று பின்னால் கண்டுபிடிக்க வேண்டும். பல நிமிடங்களுக்குக் கடிகாரம் ஒரு அலையின் சிறு பங்குகூட நழுவாமல் இருந்தால்தான் பட்டை கிடைக்கும்.

கடிகாரம் மட்டும் போதாது. செயற்கைக்கோள் அந்த நொடியில் எங்கே இருந்தது, எவ்வளவு வேகத்தில் போனது என்பதும் தெரிய வேண்டும். தரைத் தொலைநோக்கி இருக்கும் இடத்தை மிக நுட்பமாக அளந்து வைத்திருக்கிறார்கள். விண்ணில் விரைந்து ஓடுவதை அப்படி அளக்க முடியாது. லேசர் கதிரை அனுப்பித் திரும்ப வாங்கியும், ரேடியோ அலைவரிசையின் மாற்றத்தைப் பார்த்தும் பாதையைக் கணிப்பார்கள். அப்படியும் சில நூறு மீட்டர் சந்தேகம் இருக்கும். ஆகவே ஜெர்மனியின் பான் நகரிலும் மாஸ்கோவிலும் நெதர்லாந்திலும் இருந்த கணினிகள் இரண்டு பதிவுகளையும் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே தள்ளித் தள்ளி ஓட்டிப் பார்க்கும். கோடிக்கணக்கான தவறான பொருத்தங்களுக்கு நடுவே ஒரே ஒரு இடத்தில் இரைச்சலுக்கு மேலே ஒரு கூர்முனை எழும். அதைத்தான் பட்டை கிடைத்தது என்கிறார்கள். ரேடியோ ஆஸ்ட்ரானுக்கு முதல் பட்டை 2011 நவம்பரில் கிடைத்தது. தரையில் ஜோடி சேர்ந்தவற்றில் எஃபல்ஸ்பெர்க்கும் ஒன்று.

மேலே ஒன்று இருந்தால் போதாதா, கீழே எதற்கு இத்தனை என்று இனி யாரும் கேட்கமாட்டீர்கள் என்றாலும், தரையின் பங்கை இன்னும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். விண்ணுக்கு அனுப்பும் தட்டு சின்னதாகத்தான் இருக்க முடியும். மெல்லிய சமிக்ஞையைப் பிடிக்க அதற்குத் தெம்பு போதாது. ஆனால் ஜோடியின் திறன் இரண்டு விட்டங்களின் பெருக்கலைப் பொறுத்தது. 10 மீட்டர் தட்டை எஃபல்ஸ்பெர்க்கின் 100 மீட்டரோடு சேர்த்தால், இரண்டு 32 மீட்டர் தட்டுகளைச் சேர்த்ததற்குச் சமம். போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோவோடு சேர்த்தால் இரண்டு 55 மீட்டர் தட்டுகளுக்குச் சமம். தரையிலுள்ள அண்ணன் எவ்வளவு பெரியவனோ, மேலேயுள்ள தம்பிக்கு அவ்வளவு பலம். 2020 டிசம்பரில் அரெசிபோ இடிந்து விழுந்தபோது இந்தத் துறைக்காரர்கள் அத்தனை கலங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் படத்தின் வடிவம். இரண்டு தட்டுகளுக்கு நடுவிலுள்ள ஒவ்வொரு இடைவெளியும் பொருளைப் பற்றி ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்லும். நெருங்கிய இடைவெளி மொத்த உருவத்தைச் சொல்லும், அகன்ற இடைவெளி நுண்ணிய விவரத்தைச் சொல்லும். புள்ளிக்கோலம் போடும்போது ஓரத்தில் மட்டும் நாலு புள்ளி வைத்துவிட்டு நடுவை வெறுமையாக விட்டால் இழையை எப்படிப் போடுவது? நடுப்புள்ளிகளை வைப்பவை தரைத் தொலைநோக்கிகள். பூமி சுழலச் சுழல அவற்றுக்குள் இருக்கும் இடைவெளிகள் மாறி மாறி வரிசை நிரம்பும். செயற்கைக்கோள் தூரத்துப் புள்ளிகளை வைக்கும். ரேடியோ ஆஸ்ட்ரான் நிலவின் பக்கம் போய்விட்டால் பூமியளவு இடைவெளிக்கும் அதற்கும் நடுவே பெரிய வெற்றிடம் விழுந்துவிடும். அப்போது ஒரு பொருள் எவ்வளவு சிறியது என்று அளக்கலாமே தவிர, உருவத்தை வரைய முடியாது. அதனால் நல்ல படங்கள் எல்லாம் அது பூமிக்கு அருகில் வந்த நாட்களில் எடுத்தவை. எட்டாத தூரம்தான் பெருமை என்று எழுதும் செய்திகளைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றும்.

என்ன கண்டார்கள்? 3சி 273-க்கே திரும்புவோம். அரெசிபோ, எஃபல்ஸ்பெர்க், அமெரிக்காவின் கிரீன் பேங்க், வி.எல்.ஏ. ஆகிய தொலைநோக்கிகளோடு சேர்ந்து 1,71,000 கிலோமீட்டர் வரை இடைவெளி வைத்துப் பார்த்தார்கள். அவ்வளவு தள்ளி நின்றும் பட்டை கிடைத்தது. ஒளிரும் பகுதி வெறும் 26 மைக்ரோ விகலை, அதாவது ஒரு விகலையில் பத்து லட்சத்தில் 26 பங்கு அகலம் என்று ஆயிற்று. 200 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் அது மூன்று ஒளிமாதம்கூட இல்லை. இவ்வளவு சிறிய இடத்திலிருந்து இவ்வளவு ரேடியோ ஒளி வர வேண்டுமானால், சாதாரணச் சூட்டுக் கணக்கில் அந்த இடம் 10 லட்சம் கோடி கெல்வின் இருக்க வேண்டும். அங்கே மெய்யாகவே அந்த வெப்பம் இருக்கிறது என்று பொருள் அல்ல, பிரகாசத்தைச் சொல்ல ஒரு வழி. ஆனால் அந்த எண்தான் இயற்பியலாளர்களைத் திடுக்கிட வைத்தது. ரேடியோ ஒளியை உமிழும் எலக்ட்ரான்கள் ஒரு அளவுக்கு மேல் நெருக்கமாகப் பிரகாசித்தால், தாம் உமிழ்ந்த ஒளியிலேயே மோதி, ஆற்றலை எக்ஸ் கதிராக இழந்து சட்டென்று குளிர்ந்துவிடும். அந்த வரம்பு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி கெல்வின் என்று 1969-லேயே கணக்கிட்டிருந்தார்கள். அளந்தது பத்து மடங்கு அதிகம். தாரை நம்மை நோக்கி வருவதால் கூடுதலாகப் பிரகாசிக்கும் என்பது உண்மைதான். ஆனால் தாரையின் அளந்த வேகம் அந்த அளவு கூட்டலுக்குப் போதவில்லை.

கதை அதோடு நிற்கவில்லை. 2014-இல் மறுபடி பார்த்தபோது அதே மையம் நூறு மடங்கு மங்கியிருந்தது. அந்த அதீதப் பிரகாசம் நிலையானது அல்ல, எரிமலைபோல அவ்வப்போது வெடித்தெழுவது. இன்னொரு குழுவினர் 18 சென்டிமீட்டர் பதிவுகளை ஆராய்ந்து, நம் பால்வீதியின் வாயுவே அந்த அலையைச் சிதறடித்து, இல்லாத நுண்வடிவங்களை உண்டாக்குகிறது என்று காட்டினார்கள். வெயில் நேரத்தில் தார்ச்சாலைக்கு மேலே தூரத்து வண்டி நெளிந்து தெரியுமே, அதுபோல. பூமியளவு இடைவெளியில் இது கண்ணுக்கே படாத விஷயம். தொலைவிலுள்ள பொருளைப் பார்க்கப் போனவர்கள் வழியிலுள்ள வாயுவைப் பற்றிப் புதிதாகக் கற்றுக்கொண்டு வந்தார்கள்.

புளியங்கொட்டை அளவு என்று சொன்னேனே, அது என்.ஜி.சி. 4258 என்ற விண்மீன் மண்டலத்தைப் பார்த்தபோது கிடைத்தது. அங்கே நடுவிலுள்ள கருந்துளையைச் சுற்றி நீராவி மூலக்கூறுகள் ரேடியோவில் பளிச்சிடுகின்றன. இடைவெளி பூமியின் விட்டத்தைப்போல 26.7 மடங்கு, அதாவது 3,40,000 கிலோமீட்டர். இரண்டரைக் கோடி ஒளியாண்டுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கும் ஒன்றில், நம் சூரியக் குடும்பத்தில் நெப்டியூனின் சுற்றுப்பாதை எவ்வளவு அகலமோ அந்த அளவைப் பிரித்தறியும் நுட்பம் அது.

இதற்கு நடுவே வேறொரு வழியில் பூமியின் எல்லையை நெருக்கினார்கள். இடைவெளியைக் கூட்ட முடியாவிட்டால் அலையைக் குறுக்கலாமே? 2019 ஏப்ரலில் எம்87 கருந்துளையின் படம் வெளியானது நினைவிருக்கும். அது முழுக்கத் தரைத் தொலைநோக்கிகளால், 1.3 மில்லிமீட்டர் அலையில் எடுத்தது. பிரிதிறன் சுமார் 20 மைக்ரோ விகலை. ஆனால் இவ்வளவு குட்டையான அலையைக் காற்றிலுள்ள ஈரப்பதம் விழுங்கிவிடும். அதனால்தான் அந்தத் தொலைநோக்கிகள் மலையுச்சியிலும் தென்துருவத்திலும் நிற்கின்றன. அலையையும் குறுக்கி, இடைவெளியையும் கூட்டி, இரண்டையும் ஒன்றாகச் செய்தால்? பிளாக் ஹோல் எக்ஸ்ப்ளோரர் என்று ஒரு திட்டத்தை அமெரிக்க விஞ்ஞானிகள் முன்வைத்திருக்கிறார்கள். கருந்துளையைச் சுற்றி ஒளியே வளைந்து உண்டாக்கும் மெல்லிய வளையத்தைப் பார்ப்பது நோக்கம். சீனா 2024 மார்ச்சில் நிலவுக்கு அனுப்பிய சுவெச்சியாவ்-2 அஞ்சல் செயற்கைக்கோளில் 4.2 மீட்டர் ஆன்டெனா இருக்கிறது. அதையும் தரைத் தொலைநோக்கிகளோடு சேர்த்துச் சோதனை செய்கிறார்கள். 1986-இல் டி.டி.ஆர்.எஸ். செய்ததேதான், தூரம் மட்டும் நிலவுவரை நீண்டிருக்கிறது.

ஸ்பெக்ட்ர்-ஆர் ஐந்து ஆண்டு ஓடினால் போதும் என்று அனுப்பினார்கள். ஏழரை ஆண்டு ஓடியது. 2017-இல் கடிகாரத்தின் ஹைட்ரஜன் தீர்ந்தபின், ஹால்காவைப்போலத் தரையிலிருந்தே துடிப்பை அனுப்பிச் சமாளித்தார்கள். 2019 ஜனவரி 10 அன்று தரையிலிருந்து போன கட்டளைகளுக்கு அது பதில் சொல்லவில்லை. மே மாத இறுதியில் பணி முடிந்ததாக அறிவித்தார்கள். ஆகஸ்ட் 3 அன்று கர்தஷேவ் காலமானார்.

பதிவுகள் இருந்தன. 2014 ஏப்ரலில் ஓஜே 287 என்ற தொலைதூரப் பொருளைப் பார்த்தபோது சேர்ந்தவையும் அவற்றில் அடக்கம். விண்ணிலும் மண்ணிலும் பதிந்ததைப் பொருத்தி, சரிபார்த்து, வளைந்து செல்லும் அந்தத் தாரையை 12 மைக்ரோ விகலை நுணுக்கத்தில் காட்டும் படத்தை 2022-இல் வெளியிட்டார்கள். செயற்கைக்கோள் ஓய்ந்து அப்போது மூன்று ஆண்டு ஆகியிருந்தது.